திரும்பி வர மறுத்தவர்

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்குப் போகும் வழியில் இருக்கிறது விருப்பாச்சி. 1772இல் காளையார்கோயிலில் கணவரைக் கம்பெனிப் படையிடம் பறிகொடுத்த வேலு நாச்சியார், இங்கே கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். திண்டுக்கல்லைக் கையில் வைத்திருந்த ஹைதர் அலி படை கொடுத்தார். 1780இல் சிவகங்கை மீண்டது. இதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் அந்த ஹைதரின் மகன் திப்புவின் வழிவந்த ஒரு பெண் இட்லரை எதிர்த்து உயிர்விட்டதை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

அவர் பெயர் நூர் இனாயத் கான். தந்தை சூஃபி ஞானி, வீணைக் கலைஞர், தாய் அமெரிக்கர். பாரிசை ஒட்டிய சுரேனில் வளர்ந்து, குழந்தைகளுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1939இல் வந்தது. தன் கூட்டம் தப்பிக்க உடலையே பாலமாகக் கிடத்திய குரங்கரசன் கதையும் அதில் உண்டு.

பிரான்ஸ் வீழ்ந்ததும் இங்கிலாந்து போய் விமானப்படையில் சேர்ந்தார். போர் முடிந்தபின் இந்திய விடுதலையின் பக்கம் நிற்பேன் என்று அதிகாரிகளிடமே மறைக்காமல் சொன்னார். அதே விடுதலைக்காக 1943இல் மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். ஜப்பானின் துணையோடு வெள்ளையனை விரட்டப் புறப்பட்டவர்கள் அவர்கள். தோட்டத்தில் அடிபட்டவர்களின் கோபத்தை எடைபோட நான் யார்? ஆனாலும் ஓர் அநீதியைக் காட்டி இன்னோர் அநீதிக்குக் கண்ணை மூடாத மனம் அரிது. நூருக்கு அது இருந்தது.

விமானப்படையிலிருந்து ஒற்று வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொய் சொல்ல வராத இந்தப் பெண் அதற்கு ஆகமாட்டார் என்று பயிற்சி கொடுத்தவர்களில் சிலர் கருதினார்கள். ஆனாலும் 1943 ஜூனில் வானொலிக் கருவி இயக்குபவராகப் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொன்னது லண்டன். அவர் மறுத்தார், தானும் போய்விட்டால் எஞ்சியவர்களின் குரல் வெளியே போக வழியில்லை. அலைவரிசையை மோப்பம் பிடிக்கும் வண்டிகள் தெருத் தெருவாகச் சுற்ற, கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி, அக்டோபர் வரை செய்தி அனுப்பினார். பிறகு காட்டிக்கொடுக்கப்பட்டார்.

அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை வைத்து ஜெர்மானியர் அவர் பெயரிலேயே லண்டனோடு பேசினார்கள். அதை நம்பி வந்திறங்கிய ஒற்றர்கள் மாட்டிக்கொண்டார்கள். புகழ்பாடுவோர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், கடக்கக் கூடாது. நல்லவர்களின் கவனக்குறைவும் ஆளைக் கொல்லும். லண்டனிலிருந்தவர்கள் காட்டிய மெத்தனமும் அந்தச் சாவுகளில் சேரும்.

இருமுறை தப்ப முயன்றார். அதன்பின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் மாதக்கணக்கில் கைகால் விலங்கோடு தனியறை. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் வதைமுகாமில், உடன் கொண்டுவரப்பட்ட மூன்று பெண்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. போருக்குப் பின் விசாரிக்கப்பட்ட பாரிஸ் நாஜிப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஹான்ஸ் கீஃபர், அவரிடமிருந்து ஒரு தகவலும் பெற முடியவில்லை என்று சாட்சி சொன்னார்.