பேட்டில் பட்டது யாருக்குத் தெரியும்?

சித்திரை பிறந்துவிட்டால் சிவகிரியைச் சுற்றி வற்றிக் கிடக்கும் குளங்கள் மைதானமாகிவிடும். கார்த்திகையில் தண்ணீர் நின்ற இடத்தில் கரம்பை வெடித்து, அதை மாடு மிதித்து, பிறகு பையன்கள் மிதித்து, நடுவில் இருபத்திரண்டு கஜத்துக்கு வெள்ளையாக ஒரு தழும்பு விழும். அதுதான் பிட்ச். மேற்கே மலை சுவர்போல நிற்பதால் பஞ்சாங்கம் சொல்கிற நேரத்துக்கு முன்பே இங்கே சூரியன் மறைந்துவிடுவான். வெயில் தாழ நாலரை மணிக்குத் தொடங்கினால் பந்து கண்ணுக்குத் தெரிகிறவரை ஆட்டம். எட்டு ஓவர், மிஞ்சினால் பத்து. திருமங்கலம்–கொல்லம் சாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் ராஜபாளையம் தாண்டியதிலிருந்து வாசுதேவநல்லூர் வரை இப்படி எத்தனையோ ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒரு பந்தைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பந்து என்ன ஆனது என்று தெரிவதற்குள் பஸ் திரும்பிவிடும்.

இந்த ஆட்டத்தில் அம்பயர் பெரும்பாலும் பேட்டிங் டீம்காரர். நுழைவுக் கட்டணம் வாங்கி, கோப்பை வைத்து, ஃபிளக்ஸ் கட்டி நடத்துகிற பெரிய போட்டி என்றால் வெளியாள் வருவார். அன்றாட மாலை ஆட்டத்துக்கு அவரை எங்கே தேடுவது? அவுட்டானவனோ இன்னும் இறங்காதவனோ போய் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். குற்றவாளிக் கூண்டில் அண்ணன், நீதிபதி நாற்காலியில் தம்பி.

அதனால்தான் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ. பொதுவாகக் கிடையாது. பந்து காலில் பட்டதா, பட்டிருந்தால் ஸ்டம்புக்குப் போயிருக்குமா என்பதெல்லாம் ஒரு மனிதனின் அபிப்பிராயம். எதிர் டீம்காரனின் அபிப்பிராயத்தை யார் நம்புவது? லண்டனில் எழுதிய சட்டத்தை ஊர் தன் யோக்கியதைக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக்கொண்டது. ஆள் போதாதபோது இரண்டு டீமுக்கும் பேட் பிடிக்கிற ‘ஜோக்கர்’ ஒருவன் இருப்பான். பக்கத்துச் சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் நிற்பது மாதிரி, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அவனையும் யாரும் முழுதாக நம்புவதில்லை.

ஆனால் எட்ஜை வெட்டி எறிய முடியவில்லை. தோல் பந்தாக இருந்தால் விளிம்பில் உரசும்போது ‘டிக்’கென்று ஒரு சத்தமாவது வரும். டென்னிஸ் பந்தின் பஞ்சு அந்தச் சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும். கீப்பர் குதிக்கிறான், பௌலர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும் தம்பியோ மலையைப் பார்க்கிறான். பட்டதா இல்லையா என்பது அந்த நொடியில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பேட் பிடித்தவனின் உள்ளங்கையில்.

“பட்டுச்சால?”

“படலண்ணே. அம்மா சத்தியமா படல.”

“அம்மாவ விடு. கரையில இருக்காருல்லா, அவரு மேல சத்தியம் பண்ணு.”

இங்கேதான் பேச்சு நிற்கும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் குளக்கரைகளில் சாஸ்தா கோயில்கள் உண்டு. எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள்கூட பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் குலத்துச் சாஸ்தாவைத் தேடி வந்துவிடுவார்கள். சாஸ்தா என்ற வடசொல்லுக்கே ஆள்பவன், திருத்துபவன் என்றுதான் பொருள். உத்திரத்துக்குப் பொங்கல் வைத்த சூடு ஆறும் முன்பே அவர் கண்ணெதிரில் கிரிக்கெட் தொடங்கிவிடுகிறது. அம்மா மீது சத்தியம் செய்யத் தயங்காத வாய் சாஸ்தா என்றதும் தடுமாறுவது வேடிக்கைதான். அம்மா மன்னிப்பாள் என்று தெரியும்; அவரைப் பற்றி அவ்வளவு உறுதி இல்லை. டி.ஆர்.எஸ். வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊரில் இருந்த மூன்றாவது அம்பயர் அவர்.

சத்தியம் கேட்டுப் பதில் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். யாருமே கேட்காவிட்டால்? அம்பயர் ‘நாட் அவுட்’ என்று சொல்லிவிட்டார், பட்டது தனக்கு மட்டும் தெரியும். அப்போது கிரீஸிலேயே நிற்பது பொய்யா?

கிரிக்கெட் சட்டம் இந்த இடத்தில் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொள்கிறது. 31-ஆவது விதிப்படி ஃபீல்டிங் தரப்பு அப்பீல் செய்தாலொழிய அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது. அதே விதி, அவுட்டான ஒருவர் அப்பீலுக்குக் காத்திராமல் தானாக வெளியேறினால் அதற்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. வெளியேறு என்று சொல்லவில்லை. வேண்டுமானால் போ என்கிறது. கதவைச் சும்மா சாத்தி வைத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் இல்லை.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனவர்களில் பேர்போனவர் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட். 2003 மார்ச் 18, போர்ட் எலிசபெத், உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையின் அரவிந்த டி சில்வாவின் பந்தை ஸ்வீப் செய்யப் போக, அது பேட்டின் விளிம்பில் பட்டு, கால்காப்பில் பட்டு, சங்கக்காராவின் கைக்குப் போனது. அம்பயர் ரூடி கர்ட்சன் அவுட் கொடுக்கவில்லை. 22 ரன்னில் இருந்த கில்கிறிஸ்ட் நடந்துவிட்டார். பத்து வருடம் கழித்து, 2013 ஜூலையில் டிரென்ட் பிரிட்ஜில் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட். ஆஷ்டன் ஏகரின் பந்து பிராட் பேட்டில் பட்டு, கீப்பரைத் தொட்டு, ஸ்லிப்பில் இருந்த கிளார்க்கிடம் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரும் கண்டார்கள். அம்பயர் அலீம் தார் தலையசைக்கவில்லை, ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ மிச்சமில்லை, பிராட் நகரவில்லை. 37-இல் இருந்தவர் 65 வரை போனார். இங்கிலாந்து ஜெயித்தது 14 ரன்னில்.

பிராட் தரப்பு வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. தீர்ப்புச் சொல்ல ஒருவரை நியமித்தாயிற்று. அவர் தவறாக அவுட் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அப்படியானால் அவர் தவறாக நாட் அவுட் கொடுத்தால் மட்டும் ஏன் போக வேண்டும்? ஊழ்வினை வரவிலும் செலவிலும் வருவதுபோல, அம்பயரின் பிழையும் இரண்டு பக்கமும் வரும். இரண்டையும் ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இந்த வாதம் சுத்தமாகப் பொருந்த, நிற்பவன் சிலையாக நிற்க வேண்டும். நம் பையன்கள் அப்படி நிற்பதில்லை. கிளவுஸே போடாத கையைத் தோளுக்குக் கொண்டுபோய், பந்து அங்கேதான் பட்டது என்பதுபோலத் தேய்ப்பார்கள். தரையில் பேட்டைத் தட்டி, சத்தம் அங்கிருந்து வந்தது என்று காட்டுவார்கள்.

குருக்ஷேத்திரத்தில் தருமர் செய்ததும் இதுதான். அசுவத்தாமன் செத்தான் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் முணுமுணுத்தார். சொல்லாகப் பார்த்தால் பொய் இல்லை. துரோணர் வில்லைக் கீழே போட்டார். அதுவரை தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய தருமரின் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம். கதை சொன்னவர்கள் தருமரை நரகத்துக்கு உடனே அனுப்பவில்லை, ராஜ்யத்தையும் பறிக்கவில்லை. தேரை நாலு விரற்கடை இறக்கியதோடு விட்டார்கள். தோளைத் தேய்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை எந்தச் சங்கமும் யோசித்ததில்லை.

தருமருக்கும் பிராட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இருவருமே தமக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. வெளியேறுவது பற்றிப் பேசுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிற இடம் இது. நடந்து போகிறவன் கொடுப்பது தன் விக்கெட்டை மட்டுமா? மற்ற பத்துப் பேரின் ஆட்டத்தையும் சேர்த்துத்தான். அடுத்தவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் செய்யும் தருமம்.

1980 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காகப் பம்பாயில் ஒரு டெஸ்ட் நடந்தது. 16-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் என்பதால் ஆட்டத்துக்கே அன்று விடுமுறை விட்டார்கள். சாஸ்தாவுக்குப் பயந்த சிவகிரிப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தத்தளித்தபோது கபில்தேவ் பந்தில் கீப்பர் கேட்ச் என்று பாப் டெய்லருக்கு அவுட் கொடுக்கப்பட்டது. ஸ்லிப்பில் நின்ற இந்தியக் கேப்டன் விஸ்வநாத்துக்குப் பந்து பேட்டில் படவில்லை என்று தெரியும். டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. விஸ்வநாத் பெயர் நின்றது. தோல்வி பதினொரு பேர் கணக்கிலும் ஏறியது.

இதற்கு நம்மிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது. வாக்குக்காக நாட்டைக் கொடுத்த அரிச்சந்திரன் மனைவியையும் மகனையும் விற்றான். சிறு வயதில் அந்த நாடகத்தைப் பார்த்த காந்தி அதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் நடித்துப் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டின் பல சுடுகாடுகளில் இன்றும் அரிச்சந்திரனுக்கு ஒரு கல்லோ கோயிலோ இருக்கும். பாடை அங்கே நின்று அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் மயான காண்டம் நடக்கும் கொட்டகையில் ஜனங்கள் அழுவது அரிச்சந்திரனுக்காகவா? செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, எரிக்கக் கூலி இல்லாமல் நிற்கும் சந்திரமதிக்காக. உண்மையைக் காப்பாற்றியவன் அவன், செலவு அவளுடையது. வெளியே உட்கார்ந்து அடுத்ததாக இறங்கக் காத்திருக்கும் பையன் சந்திரமதியின் சொந்தக்காரன்.

திருக்குறளின் வாய்மை அதிகாரம் இந்த முடிச்சைத் தெரிந்தே போட்டிருக்கிறது என்று தோன்றும். இரண்டாம் குறளில் வள்ளுவர் பொய்க்கு ஒரு வாசல் திறக்கிறார்: குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் மெய்யோடு சேரும். கொலைகாரன் கதவைத் தட்டினாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் அடம்பிடித்த இம்மானுவேல் கான்ட்டைவிட வள்ளுவர் இளகியவர். ஆனால் அடுத்த குறளிலேயே, மனம் அறிந்து பொய் சொன்னால் அந்த மனமே சுடும் என்கிறார். கிரீஸில் நிற்பவன் இரண்டாம் குறளைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம். டீமுக்கு நன்மைதானே என்று. ‘குற்றமில்லாத’ என்ற நிபந்தனை அவனை விடாது. அவன் டீம் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இன்னொரு டீமிடமிருந்து பிடுங்கியது. ஆட்டத்தில் எல்லோருக்கும் நன்மை என்று ஒன்று கிடையாது. ஆகவே வாசல் அடைபடுகிறது, மூன்றாம் குறளில்தான் போய் விழ வேண்டும். பத்துப் பேருக்காகத்தான் நின்றேன் என்பதை அந்தப் பத்துப் பேர் ஏற்றுக்கொள்ளலாம், கை ஏற்றுக்கொள்ளாது.

மதுரைப் பாண்டியன் ஒருவன் கையைப் பற்றிய கதை சிலப்பதிகாரத்தில் வருகிறது. இரவில் நகர்வலம் வந்தவன், வெளியூர் போனதாக நினைத்த கீரந்தை என்பவனின் வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்டு, சந்தேகத்தில் கதவைத் தட்டிவிட்டான். உள்ளே இருந்தவன் கணவனே. அவனுக்கு மனைவிமேல் சந்தேகம் வராமலிருக்க அரசன் தெருவில் எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டு ஓடினான். கள்வன் யாரென்று தெரியாமல் மறுநாள் ஊர் முறையிட்டபோது, தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். பொற்கைப் பாண்டியன் ஆனான். அப்பீல் இருந்தது, சாட்சி இல்லை, ரீப்ளே இல்லை. அவன் வெட்டியது தன் கையை மட்டுந்தான், யாருடைய விக்கெட்டும் போகவில்லை. அரிச்சந்திரனுக்கு வாய்க்காத சுத்தம் அது. பேட்ஸ்மேனுக்கும் வாய்க்காது.

குளத்தில் வெளிச்சம் மங்கிவிட்டது. மலையின் நிழல் பிட்சைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கு ஏறுகிறது. சத்தியம் கேட்கப்பட்டவன் கரையைப் பார்க்காமலே, “பட்டுச்சுண்ணே” என்று பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறான். அவன் டீமில் ஒருவன் செருப்பைத் தூக்கி எறிகிறான். வழக்கப்படி இனி அம்பயர் அவுட்டானவன்தான். மலையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஓவர் எண்ண வைத்திருந்த கற்களை அவன் கையில் கொட்டுகிறான். நாலு வலது பைக்கு, மிச்சம் இரண்டு இடது பைக்கு. அடுத்து இறங்குகிறவன் தம்பியேதான்.