ஆறு வாரம் கழித்தும் கேட்க வேண்டும்

2021 டிசம்பரில் புதுச்சேரி அரசு, 1973ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள கருவடிக்குப்பத்தில் குடியிருப்பவரும் போட்டுக்கொண்டாக வேண்டும், மறுத்தால் நடவடிக்கை பாயும் என்ற நிலை. தொற்று ஆட்களை வாரிக்கொண்டுபோன காலம். உத்தரவுக்கு நியாயம் இருந்தது. தடுப்பூசி ஏராளமான உயிர்களைக் காத்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கையை நீட்டச் சொன்ன அரசுக்கு, அந்த உடம்பில் பிறகு நடப்பதைக் கேட்டறியும் கடமையும் உண்டு. அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்ததோடு அது தீர்ந்துவிடவில்லை.

அந்த அரை மணிக்குள் அகப்படாத தொல்லைகளில் ஒன்று நாள்பட்ட காணாக்கடி. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, பாவாடை நாடா இறுகிய இடுப்பிலும் பை தொங்கிய தோளிலும் பட்டைபட்டையாகத் தடிக்கும். ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தடமில்லாமல் அமுங்கிவிடும். வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்பும். ஆறு வாரத்தைத் தாண்டியும் இது நீடித்தால் நாள்பட்டது என்பார்கள். இரவு முழுக்கச் சொறிந்தவர் காலையில் ஓ.பி. சீட்டோடு டாக்டர் முன் உட்காரும்போது தோலில் ஒன்றும் இருக்காது. அரிப்புக்கான செட்ரிசின் மாத்திரையோடு வீடு திரும்புவார். எப்போது ஊசி போட்டார் என்ற கேள்வி எழாமலே போய்விடலாம்.

ஊசியே போடாதவருக்கும் இது வருமே, தற்செயலுக்கு ஊசியைப் பழிப்பதா என்று கேட்கலாம். கேள்வி சரிதான், அதற்கு விடை எண்ணிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். பூஸ்டர் போட்டுச் சுமார் பத்து நாளில் தடிப்பு தொடங்கியவர்கள் கணிசமாக இருந்தார்கள். பைசர் போட்டவர்களைவிட மாடர்னா போட்டவர்களிடையே விகிதம் பல மடங்கு அதிகம். வெறும் தற்செயல் என்றால் ஊசியின் பெயரைப் பார்த்து வராது. நம் ஊரில் போட்டவை பெரும்பாலும் கோவிஷீல்டும் கோவேக்சினும். எனவே அந்த முடிவை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது. இங்கே தனியாக எண்ணியாக வேண்டும்.

இதையெல்லாம் பேசினால் ஜனங்கள் ஊசிக்கே பயப்படுவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். பயத்தை வளர்ப்பது பதில் கிடைக்காத கேள்விதான். உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும், பலருக்குச் சில ஆண்டுகளில் தானே விட்டுவிடும் என்று அரசு மருத்துவரே சொன்னால் வதந்திக்கு வேலையில்லை. வெறும் அரிப்புதானே என்பாரும் உண்டு. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவருக்கு அது வெறும் அரிப்பு அல்ல. இத்தகைய தொல்லைகளைப் பதிவு செய்வது பற்றி நீதிமன்றமும் பேசியிருக்கிறது. 2022 மே 2ஆம் தேதி ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது; பக்கவிளைவுகளைத் தனிநபரும் தனியார் மருத்துவரும் பதிவு செய்ய வழி செய்யவும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் வழி திறந்திருந்தால் மட்டும் போதாது. மறைந்துவிடும் தடிப்பைச் செல்போனில் படமெடுத்து வைக்கும்படி ஊசி போடும்போதே சொல்ல வேண்டும். வீடு தேடி வந்து ஊசி போட ஆள் இருந்தது. ஆறு வாரம் கழித்து அதே வாசலில் நின்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் ஆள் வேண்டும். அப்படிக் கேட்கும் அரசு அடுத்த தொற்றில் கூப்பிட்டால், ஜனங்கள் உத்தரவுக்குக் காத்திராமல் வருவார்கள்.