பிறர் நெஞ்சை அறிய வல்லோமோ?

பிறர் நெஞ்சில் உள்ளதை யுக்தியால் அறிய நாம் வல்லோமோ? விபீஷணாழ்வான் சரணம் புகுந்தபோது எழுந்த கேள்வி இதுவே. ஸ்ரீராமாயணம் யுத்த காண்டம் 17, 18ஆம் ஸர்க்கங்களில் இதைக் காணலாம். சுக்ரீவ மஹாராஜர் ஐயுற்றார். சரபன், மைந்தன் என்னும் வானர வீரர்கள் முறையே ஒற்றனை விட்டும், வினவியும் ஆராயச் சொன்னார்கள். திருவடியோ, திடீரென வினவினால் நல்லவனும் மனம் கலங்குவான் என்று மறுத்து, முகத்தெளிவையும் பேச்சையும் கொண்டே அவரிடம் தீமை இல்லை என்று நிர்ணயித்தார்.

இது சிறந்த அநுமானமே. ஆயினும் பெருமாள் அபயமளித்தது அவ்வநுமானத்தைப் பற்றியன்று. தோஷம் இருப்பினும் கைவிடோம் என்றே அருளிச்செய்தார்.

முகம் நெஞ்சை ஓரளவே காட்டும்; முழுதும் அறிபவன் அந்தர்யாமியான எம்பெருமான் ஒருவனே. அறிந்த அவனே தள்ளாதபோது, அறியாத நாம் கோஷ்டிக்குப் புதிதாய் வருபவரை வெறும் ஊகத்தால் தள்ளுவது தகுமோ?