குகைக்குள் கேட்ட குரல்

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு, அரண்மனையில் காத்திருந்த இளம் வீரர்கள் சுல்தானிடம் ஒரு கதைப்புத்தகம் கேட்டார்கள் என்கிறது செஜாரா மெலாயு. கேட்டது ஹிக்காயத் முகம்மது ஹனஃபியா. சுல்தான் அகமது சீண்டிப் பார்த்தார்: அவ்வளவு வீரம் உங்களுக்கு இருக்குமோ என்னவோ, இது போதும் என்று அமீர் ஹம்சாவின் கதையைக் கொடுத்தனுப்பினார். பையன்கள் விடவில்லை. கேட்டதையே வாங்கினார்கள்.

வீரத்துக்கு உதாரணமாகத்தான் இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கதையின் முடிவு. எதிரிகள் ஒரு குகையில் கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டு ஹனஃபியா உள்ளே நுழைந்து வெட்டிச் சாய்க்கிறான். போதும், நிறுத்து என்று ஒரு குரல் கேட்கிறது. அவன் நிறுத்தவில்லை. குகை வாசல் மூடிக்கொள்கிறது.

வரலாற்றில் இந்த ஹனஃபியா அலியின் மகன். 656இல் பஸ்ரா அருகே நடந்த ஒட்டகப் போரில் தகப்பனின் கொடியைப் பிடித்தவர். எதிரில் நின்றவர்களும் முஸ்லிம்கள்தான். ஓடுகிறவனைத் துரத்தாதே, காயம்பட்டவனைக் கொல்லாதே என்று அன்றைக்கு அலி போட்ட உத்தரவிலிருந்துதான், கலகக்காரர்களோடு போரிடும் சட்டத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் வளர்த்தெடுத்தார்கள். பிடிபட்டவனைக் கொல்லக்கூடாது, அவன் சொத்து கொள்ளைப் பொருள் ஆகாது. மலாய் உலகம் பின்பற்றும் ஷாஃபி மரபிலும் இது உண்டு. ஆக, அந்த உத்தரவின் கீழ் கொடி பிடித்தவர்தான் கதையில் கையை நிறுத்தத் தெரியாதவராக ஆகிவிட்டார். சண்டைக்கு முந்தைய இரவு யாரும் சட்டப் புத்தகத்தைக் கேட்பதில்லை போல.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நண்பன் ஒருவன், மாமாக் கடையில் இதைச் சொன்னதும் சிரித்தான். "அவங்க அப்படித்தான்டா, நம்மாளுங்க தர்ம யுத்தம் பண்ணவங்க." புறநானூற்றைத் திறந்து பார்த்தால் தெரியும். பசுக்கள், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லாரும் விலகிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துவிட்டுப் போருக்குப் போன முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் 9ஆம் பாட்டில் புகழ்கிறார். அதே அரசன் பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுததையும், விளைந்த வயலில் தேர் ஓட்டியதையும் 15ஆம் பாட்டில் புகழ்வதும் அதே நெட்டிமையார்தான். புலவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பழ மரங்களை வெட்டாதே, குடியிருக்கும் இடங்களைப் பாழாக்காதே, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதே என்று கலீஃபா அபூபக்கர் சிரியாவுக்குப் புறப்பட்ட தளபதிக்குச் சொன்னதை மாலிக்கின் முவத்தா பதிந்திருக்கிறது. (பழ மரம் சரி, ரப்பர் மரம்? பால் மரத்தால் சோறு சாப்பிட்ட வீட்டுப் பிள்ளை நான், கேட்காமல் இருக்க முடியாது.) ஆனால் இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய தடை ஒன்று உண்டு. கைதியைக் கொல்லாதே என்ற திட்டவட்டமான வார்த்தை கலகம் செய்த முஸ்லிமுக்குத்தான். பிடிபட்டவன் வேறு மதத்தான் என்றால், கொல்வதா, அடிமையாக்குவதா, ஈட்டுப் பணத்துக்கு விடுவதா, சும்மா விடுவதா என்பதை ஷாஃபி அறிஞர்கள் ஆட்சியாளரின் முடிவுக்கு விட்டார்கள். உள்வீட்டுச் சண்டைக்கு இருந்த இரக்கம் வாசலைத் தாண்டும்போது குறைந்துவிடுகிறது.

நண்பனிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா, நான் சொன்னது சரிதானே" என்றான். அங்கேதான் 1511ஐ முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரைப் பிடித்ததும் முஸ்லிம்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். அல்புகெர்க்கின் மகன் தொகுத்த நூலே அதைச் சொல்கிறது. பள்ளிவாசல் கல்லையும் அரச சமாதிகளின் கல்லையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். நாம் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை வாசல் அதில் மிஞ்சியது. நினாச்சத்து என்ற சோழமண்டலக் கரை இந்து வணிகர் ஏற்கெனவே போர்த்துக்கீசியக் கைதிகளுக்கு உதவியவர். அவர் வீட்டைத் தொடவில்லை. பிறகு பெண்டஹாரா பதவியும் கொடுத்தார்கள். ஆயுதம் பிடித்தவனா இல்லையா என்று பார்க்கவில்லை, என்ன மதம் என்று பார்த்தார்கள்.

அதே கரையிலிருந்து வந்து, அதே தமிழைப் பேசிய முஸ்லிம் வணிகர்களும் இந்தத் துறைமுகத்தில் இருந்தார்கள். நினாச்சத்துவின் வாசலில் நின்ற காவல் அவர்கள் வாசலுக்கு வரவில்லை.

நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆளு கதவைத் திறந்து யாரையாவது உள்ள விட்டிருப்பாராடா?" என்று கேட்டான்.