பரீட்சை தரும் புதிய ஜாதி

மலேசியாவில் ஐந்தாம் படிவ இறுதியில் எஸ்.பி.எம். பரீட்சை நடைபெறுகிறது. விடைத்தாளைத் திருத்துவோர் மாணாக்கனின் எண்ணையே காண்பர், குலத்தையன்று. பால்மரம் வெட்டுபவர் மகனும் செல்வர் மகனும் அங்கே சமம். அச்சமத்துவத்தைப் போற்றுகிறோம்.

முடிவு வெளியானபின் நடப்பதென்ன? மலாய் மொழியிலும், 2013 முதல் சரித்திரத்திலும் தேறாதார்க்குச் சான்றிதழ் இல்லை. அத்தகையோரை "உதவாதவர்" என நம்மவர் ஒதுக்குகின்றனர். பிறப்பால் தாழ்த்துவது கொடுமையெனின், மதிப்பெண்ணால் தாழ்த்துவது தருமமாகுமோ?

தோட்டக் கணக்கில் பாலின் நிறையை எழுதுகிறோம், வெட்டியவரின் மதிப்பையன்று. பரீட்சையும் அவ்வாறே பாடத்தை அளக்கிறது, மனிதனையன்று. தவறிய பாடத்தை மறுமுறை எழுத வழியுண்டு. அவமானத்தால் நொந்தவன் மீண்டும் புத்தகத்தைத் தொடுவானோ?

அன்பர்காள்! முடிவு வரும் நாளில், தேறாதவன் வீட்டிற்கே முதலில் செல்வோமாக.