சீர் புடவையில் ஏற்றத்தாழ்வு வேண்டாமே!

சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் உள்ளது திருநின்றவூர். இங்கே அருள்பாலிக்கும் இருதயாலீஸ்வரரைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். பிராகாரத்தில் அமர்ந்திருந்த அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். மகனுக்குக் கல்யாணம், ஸ்வாமிக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார். முகத்தில் மட்டும் ஏனோ கவலை!

''நாத்தனார் முடிச்சு போட ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கம்மா. பெரியவ வசதியான இடம். தம்பிக்குச் சங்கிலி போடறா. சின்ன மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில கம்பெனி வேலை. அவளால மொய்தான் எழுத முடியும். ஆனா, பத்து நாளா வீடு வீடா அலைஞ்சு பத்திரிகை வைக்கிறது அவதான். 'பெரியவளுக்குப் பட்டு எடு. சின்னவளுக்குச் சுமாரா போதும்'கிறார் வீட்டுக்காரர். செஞ்சதுக்குத் தக்கபடி செய்யறதுதானே முறை?''

மொய்க்கு அது முறைதான். ஆனால், சீர் என்பது கடனைத் திருப்புவது அல்லவே! மணவறையில் சகோதரியாக நிற்கும் உறவுக்குச் செய்யும் மரியாதை அது. தாம்பூலப் பையைப் பாருங்கள்... மொய்த் தொகையைப் பார்த்தா தேங்காய் போடுகிறோம்?

இந்தத் தலத்தின் பூசலார் நாயனாரை நினைத்துக்கொண்டோம். ஈசனுக்கு ஆலயம் எழுப்பப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. மனதிலேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எழுப்பினான். இரண்டுக்கும் ஒரே நாளில் குடமுழுக்கு! மன்னனின் கனவில் தோன்றிய ஈசன், 'அன்று பூசலாரின் ஆலயத்தில் எழுந்தருள்வோம். நீ வேறு நாள் பார்' என்றாராம். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம் சொல்லும் வரலாறு இது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மன்னனின் கோயிலை ஈசன் மறுக்கவில்லை. வசதி உள்ளவர் அன்பும் அன்புதான். அதேபோல், 'மனசு போதும்' என்று பூசலார் சும்மா இருந்துவிடவும் இல்லை. அஸ்திவாரம், விமானம், மதில், கிணறு என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் உழைத்தார். வெயிலில் அலையும் சின்ன மகளின் உழைப்பும் அப்படித்தான். அதை எழுத மொய் நோட்டில் இடம் இல்லை; அவ்வளவே!

இதைச் சொன்னதும், அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

''ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பட்டுதான் எடுப்பேன். பணம் பத்தலையா... ரெண்டு பேருக்கும் பருத்தி!''