ஏற்பவன் அறம்: தரைவழிப் பயணியும் விருந்தோம்பலும்

அறநூல்கள் ஈவோனை நோக்கிப் பேசிய அளவுக்கு ஏற்போனை நோக்கிப் பேசியதில்லை. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் விருந்தளிக்கும் இல்லத்தானின் கடமையையே வற்புறுத்துகின்றது. ஈகை அதிகாரமோ, நல்வழியெனப் பிறர் கூறினும் ஏற்றல் தீது என்னும் கருத்தை முன்வைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஏற்போன் இன்றி விருந்தோம்பல் நிகழாது. விருந்தோம்பல் உயர்ந்த அறமாயின், அது நிகழ்தற்கு இன்றியமையாத ஏற்றல் எவ்வாறு தீதாகும்? இரந்து கொள்வதும் விருந்தாய் உண்பதும் ஒன்றல்ல என எளிதில் விடை கூறிவிடலாம். ஆயின், இரவலனையும் விருந்தினனையும் பிரிக்கும் எல்லை யாது என்பதே ஆராயற்பாலது.

தரைவழியாக நாடுகளைக் கடந்து, இரவிலே கூடாரமடித்துத் தங்கிச் செல்லும் பயணியிடத்தில் இவ்வினா மிகவும் கூர்மை பெறுகின்றது. இலண்டனிலிருந்து இஸ்தான்புல் ஊடாக ஆசியாவைக் கடக்கும் பாதை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேனாட்டு இளைஞரைப் பெரிதும் கவர்ந்தது. 1955 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த இளைஞர் அறுவர் இரண்டு லான்ட் றோவர் வண்டிகளில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அடுத்த இரு தசாப்தங்களில் பல்லாயிரவர் பேருந்துகளிலும் பழைய வான்களிலும் எர்சுரும், தப்ரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத், ஹெராத், காந்தஹார், காபூல், பெஷாவர் என நீண்ட வழியே இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் சென்றனர். 1979 இல் ஈரானில் புரட்சி வென்றது. அவ்வாண்டு டிசெம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுள் புகுந்தது. அத்துடன் அப்பாதை அறுந்தது. எனினும், வேறு வழிகளில் அத்தகைய பயணம் இன்றும் தொடர்கின்றது.

கூடாரம் தன்னிறைவின் சின்னமாகக் கருதப்படுகின்றது. அடுப்பும் எரிபொருளும் தகரத்தில் அடைத்த உணவும் வண்டியில் உள்ளவன், தான் எவர் வாயிலிலும் நிற்கவேண்டியதில்லை என எண்ணுகின்றான். அவன் கடந்துசெல்லும் ஊரவரின் பார்வை வேறு. ஊர்ப்புறத்து வயலோரம் எழுந்த கூடாரம், வீடின்றி வெளியே கிடக்கும் ஒரு மனிதனை அவர்களுக்கு நினைவூட்டுகின்றது. அனத்தோலியக் கிராமங்களில் சிறு கண்ணாடிக் குவளையில் வரும் தேநீர் அந்நினைவின் முதற் செயல். ஈரானில் 'தாரோஃப்' எனும் உபசார முறைமை உண்டு. அழைப்பவன் மீண்டும் மீண்டும் அழைப்பான். அழைக்கப்பட்டவன் மும்முறையேனும் மறுத்த பின்னரே இசைவான். அம்மறுப்பினூடே அழைப்பு மெய்யானதா, வெறும் முகமன் தானா என்பது இருவருக்கும் புலனாகும். இம்முறைமையை அறியாத அயலான் முதல் அழைப்பிலேயே உட்புகுந்து விடுதலும் உண்டு.

பஷ்தூன் மக்களின் வழக்காற்று அறமாகிய பஷ்தூன்வாலியில் 'மெல்மஸ்தியா' எனப்படும் விருந்தோம்பல் தலையாய கடமைகளுள் ஒன்று. விருந்தினனுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதோடு, அவன் உயிருக்குக் காவலாக நிற்றலும் அதனுள் அடங்கும். கைம்மாறு கருதுதல் அதற்கு இழுக்கு. ஆடவர் கூடுவதற்கும் வழிப்போக்கர் தங்குவதற்கும் 'ஹுஜ்ரா' எனும் பொதுமனை பஷ்தூன் ஊர்களில் அமைந்துள்ளது. அங்கே விரிக்கப்படும் 'தஸ்தர்கான்' என்னும் உணவு விரிப்பில் ரொட்டியும் தேநீரும், இயலுமாயின் சோற்றுக்குள் புதைத்த இறைச்சியும் வந்து சேரும். நல்ல துண்டு விருந்தினன் பக்கமே தள்ளப்படும்.

இங்கேதான் அறச்சிக்கல் எழுகின்றது. பயணியின் வண்டிச் சில்லொன்றின் விலை அவ்வில்லத்தானின் பல மாத வருவாயை விஞ்சக்கூடும். அவன் உண்பது அவ்வீட்டுக் குழந்தைகளின் பங்காகவும் இருக்கலாம். செல்வன் வறியவனின் கையிலிருந்து உண்ணலாமா?

இதற்கு மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, மறுத்தல். தன் தகர உணவையே உண்டு, எவருக்கும் பாரமாகாது செல்வதே நேர்மை என்பர் ஒரு சாரார். இதில் இரக்கம் இருப்பினும் ஒரு வகைச் செருக்கும் கலந்துள்ளது. உன்னிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை எனப் பிறனை நோக்கிச் சொல்வதற்கு ஒப்பானது அது. வறியவனுக்கு எஞ்சியிருக்கும் பெருமைகளுள் ஒன்று, தன் வாயிலுக்கு வந்தவனை உண்பித்து அனுப்பும் ஆற்றல். பொருளை மிச்சப்படுத்திக் கொடுப்பதாக எண்ணி அப்பெருமையைப் பறித்தல் நீதியாகாது.

இரண்டாவது, விலை கொடுத்தல். உண்டதற்குப் பணம் வைத்துவிட்டாற் கணக்குத் தீர்ந்தது என்பர். கணக்குத் தீர்வதே இதிலுள்ள குறையாகும். உணவகத்தில் உண்டவனும் உணவகம் நடத்துபவனும் ஒருவருக்கொருவர் எதுவும் கடன்பட்டிலர். பிரெஞ்சு மானிடவியலறிஞர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட 'கொடை' பற்றிய ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்றும் கடமைகளாகவே தொழிற்பட்டதைப் பல சமுதாயங்களின் வழக்காறுகளைக் கொண்டு விளக்கினார். கொடைக்கும் திருப்பியளித்தலுக்கும் இடையே கழியும் காலமே கொடையைப் பண்டமாற்றிலிருந்து வேறாக்குகின்றது என்பதைப் பியர் பூர்தியு 1972 இல் அல்ஜீரியாவின் கபைல் மக்களை முன்னிறுத்தி எடுத்துக்காட்டினார். உண்ட கையோடு பணத்தை நீட்டுபவன் அக்காலத்தை இல்லாமற் செய்கின்றான். உறவையும் அத்துடன் முடித்துவிடுகின்றான்.

மூன்றாவது, உரிமையாகக் கொள்ளுதல். அவர்களது பண்பாடு அவ்வாறானது, ஆகவே உண்பதில் தவறில்லை என்பது இதன் வாதம். மூன்றனுள் இதுவே இழிந்தது. 1960 களிலும் 1970 களிலும் மிகக் குறைந்த செலவில் ஆசியாவைக் கடந்ததைப் பெருமையாகப் பேசியோர் பலர். பிறர் வீட்டு ரொட்டி அவர்தம் சிக்கனக் கணக்கில் ஒரு மீதியாகப் பதிவாயிற்று. இமானுவேல் கான்ற் 1795 இல் எழுதிய 'நிலையான சமாதானம்' பற்றிய நூலில் இவ்விடத்தில் ஒரு தெளிவான கோடு கிழித்துள்ளார். புவியின் மேற்பரப்பு மனிதர் யாவர்க்கும் பொதுவாதலின், அயல்நாட்டுக்கு வரும் எவனும் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையுடையவன். அவனைத் திருப்பியனுப்புதல் அவனுக்கு அழிவு தராதாயின் மட்டுமே திருப்பியனுப்பலாம். இது வருகை உரிமை. விருந்தினனாக உண்டு உறைதல் இவ்வுரிமையுள் அடங்காது. அதற்குத் தனியான நல்லிணக்க உடன்பாடு வேண்டும். சுவீடனில் பிறர் நிலத்தில், வீட்டுக்கு அணுக்கமாக அமையாதவாறு, ஓரிரவு கூடாரமடிக்க எவருக்கும் வழிவிடும் பொதுவழி உரிமை உண்டு. 1994 இல் அது அந்நாட்டு அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. நிலத்தில் ஓரிரவு கிடப்பதற்குச் சட்டம் இடந்தரலாம். தேநீரும் சோறும் சட்டத்தால் வருவன அல்ல.

மூன்று விடைகளும் போதா எனின், ஏற்பவன் செய்யத்தக்கது யாது? முதலில், தனக்கு அளிக்கப்படுவதன் உண்மையான விலையை அவன் அறிதல் வேண்டும். வில்ஃபிரெட் தெசிகர் 1946 இல் அரேபியாவின் வெறும்பாலையைக் கடந்த வரலாற்றைத் தமது 'அரேபிய மணல்கள்' (1959) என்னும் நூலில் விவரித்துள்ளார். நெடுநாட் பட்டினிக்குப் பின்னர் அவரும் அவருடன் சென்ற பெதுவின் மக்களும் ஒரு முயலைப் பிடித்துச் சமைத்தனர். உண்ணத் தொடங்குமுன் அராபியர் மூவர் அவ்வழியே வந்தனர். சமைத்த உணவு வந்தவர்களுக்கே படைக்கப்பட்டது. வந்தோர் உண்ண, படைத்தோர் அவர்கள் வரவால் நாள் சிறந்ததென முகமன் கூறினர். உள்ளத்தில் எரிச்சல் பொங்கத் தாமும் அம்முகமனிற் கலந்துகொண்டதைத் தெசிகர் மறைக்கவில்லை. விருந்தோம்பும் முகத்தின் மலர்ச்சியைக் கொண்டு அதன் பின்னுள்ள பசியை அளவிட முடியாதென்பது இந்நிகழ்ச்சியால் தெளிவாகும். இதனை உணர்ந்தே இஸ்லாமிய மரபு ஏற்பவனுக்கும் வரம்பிட்டது. விருந்து மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தருமம். இல்லத்தானை இடுக்கணுக்கு உள்ளாக்கும்வரை தங்குதல் விருந்தினனுக்கு ஆகாது என்பது நபிமொழி தரும் நெறி.

அவன் அறியவேண்டிய விலையில் மற்றொரு பகுதியும் உண்டு. ஹுஜ்ராவில் விருந்தளித்த பெயர் ஆடவனைச் சேரும். மாவு பிசைந்து, அடுப்பூதி, தமக்கென இருந்ததைக் குறைத்துக்கொண்டவர் திரைக்கு அப்பாலுள்ள பெண்டிர். ஆண் விருந்தினன் அவர்களைக் காண்பதுமில்லை, நன்றி கூறுவதுமில்லை. விருந்தோம்பலைப் புகழும் எழுத்துக்கள் பெரும்பாலும் இவ்வுழைப்பைக் கணக்கிற் கொள்வதில்லை. நன்றியறிதல் என்பது யாருக்கு நன்றி என்பதை அறிதலையும் உள்ளடக்கியது.

அறிதலோடு அறம் நிறைவெய்தாது. திருப்பியளித்தல் எஞ்சி நிற்கின்றது. விருந்தளித்த அதே மனிதனுக்குத் திருப்பியளித்தல் வழிப்போக்கனுக்கு அரிது. அவ்வில்லத்தானும் அதனை எதிர்பார்த்திலன். ஆயின், எதிர்பாராமை கடனை இல்லாமற் செய்வதில்லை. அது கடனின் முகவரியை மாற்றுகின்றது. இல்லத்தான் பெயரறியா அயலானுக்கு அளித்தான். உண்டவனும் பெயரறியா அயலானுக்கே அளிக்கக் கடமைப்பட்டவன். இரவலனுக்கும் விருந்தினனுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. விருந்தினன் என்பவன் வேறொரு நாளில் வேறொரு வாயிலில் இல்லத்தானாக நிற்பவன். ஆகவே, ஹெராத்தில் உண்டவன் விருந்தினனா அன்றா என்பது ஹெராத்தில் முடிவாவதில்லை. அவன் தன் ஊர் திரும்பிய பின்னரே அது முடிவாகின்றது.

இந்த அளவுகோலைக் கொண்டு அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் தகும். 1980 களின் இறுதியில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாக வாழ்ந்தனர். அவர்களைத் தாங்கியவை செல்வம் மிக்க நாடுகளல்ல. 2015 இல் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. சிரியருக்கு அடுத்த பெருந்தொகையினர் ஆப்கானியர். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஐரோப்பிய இளைஞர் கிழக்கு நோக்கி விரைந்த அதே வழியில் அவர்கள் மேற்கு நோக்கி வந்தனர். அவர்களும் கூடாரங்களிலேயே தங்கினர். பிரான்சின் கலே நகரருகே ஆப்கானியர் பெருந்தொகையாக வாழ்ந்த கூடார முகாம் 2016 ஒக்டோபரில் அகற்றப்பட்டது. முன்னவர் கூடாரம் விருப்பத்தால் எழுந்தது. பின்னவர் கூடாரம் வேறு வழியின்மையால் எழுந்தது. விருந்துக்கு அழைப்புப் பெற்றது முன்னதே.

தனிமனிதன் உண்ட உணவுக்கு ஓர் அரசு எவ்வாறு பொறுப்பாகும் என வினவலாம். ஓரிரவு தங்குதலும் வாழ்நாள் முழுதும் குடியிருத்தலும் ஒன்றல்ல எனவும் கூறலாம். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், கான்ற் வகுத்த குறைந்த அளவு, அழிவை நோக்கித் திருப்பியனுப்பாமை, இவ்வாதங்களால் அசையாது நிற்கின்றது. தனிமனிதராற் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதும் உண்மையன்று. 2015 செப்டெம்பரில் மியூனிக் புகையிரத நிலையத்தில் பொதுமக்கள் உணவும் நீரும் ஏந்தி அகதிகளை எதிர்கொண்டனர். பிரான்சின் இத்தாலிய எல்லையோரத்தில் அகதிகளுக்குத் துணைபுரிந்த விவசாயி ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கின் வழியே எழுந்த வினாவுக்கு 2018 ஜூலை 6 இல் விடையளித்த அந்நாட்டு அரசியலமைப்புப் பேரவை, வந்தவனின் குடியிருப்பு சட்டபூர்வமானதா எனக் கருதாது மனிதாபிமான நோக்கில் உதவும் சுதந்திரம் சகோதரத்துவக் கோட்பாட்டினின்றும் பிறக்கின்றது என ஏற்றுக்கொண்டது.

ஏற்கும் நிலையும் ஈயும் நிலையும் எவருக்கும் நிலையானவை அல்ல என்பது இலங்கையின் வடபுலத்தோர் நன்கறிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்தபோது தென்மராட்சியின் வீடுகள் வந்தோரைத் தாங்கின; 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியே பெயர்ந்து பிறர் வாயிலில் நின்றது.

'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. புதியவனாய் வந்து நிற்றல் எவர்க்கும் நேரக்கூடியது, அதில் இழிவில்லை. உண்ட வீட்டின் கதவு திறந்திருந்ததை மறந்து, தன் கதவை அடைத்துக் கொள்வதே இழிவு. ஏற்றல் தீதாவதும் நன்றாவதும் ஏற்றவன் பின்னர் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைப் பொறுத்தது.